நீச்சல் தெரியாததால்

காலை 6.50. ஒகேனக்கல் பரிசல் துறைக்குக் கீழே, ஆற்றுக்குள் இருந்த ஒரு பாறையின் மேல் ஒரு ஜோடி வெள்ளைக் காலணிகள் இருந்தன. நாடா அவிழ்க்கப்பட்டு, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு காலுறை மடித்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட். அதன் மூன்று பட்டைகளும் கழற்றிய பிறகு மறுபடி மாட்டப்பட்டிருந்தன. அன்றைய குறிப்பேட்டில் நான் முதலில் எழுதியது இவ்வளவுதான். இவற்றுக்குச் சொந்தக்காரர் முந்தைய நாள் மாலை நாலேகாலுக்குத் தண்ணீரில் போய்விட்டார். உடல் இன்னும் கிடைக்கவில்லை.

தர்மபுரி மாவட்டத்தில் ஒரு தமிழ் நாளிதழுக்கு முப்பத்தொரு ஆண்டுகள் நிருபராக இருந்தேன். ஓய்வுபெற்று இப்போது இண்டூரில் இருக்கிறேன். சென்ற மாதம் மாவட்டச் செய்தியாளர்கள் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே ஒரு செய்தியாளர் தன் கைபேசியில் ஒரு வசதியைக் காட்டினார். பெயர், வயது, ஊர், இடம் ஆகியவற்றைக் கொடுத்தால் செய்தியை அதுவே எழுதிவிடும். ஆற்றில் மூழ்கிய ஒருவரைக் கற்பனையாகக் கொடுத்தார். சில நொடிகளில் எழுதிக் காட்டியது. குறை சொல்ல முடியாத செய்தி. மூன்றாவது வரியில் "நீச்சல் தெரியாததால்" என்று இருந்தது. அதை யார் சொன்னது என்று கேட்டேன். "அது தானாவே போட்டுக்கும்ங்க சார். எல்லா நியூஸ்லயும் அப்படித்தானே இருக்கு" என்றார்.

அவர் சொன்னது சரி. அவற்றில் பல நான் எழுதியவை. செய்தியாளர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு அனுபவம் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். அந்த ஒரு சொற்றொடரைப் பற்றியே எழுதுகிறேன்.

இருபத்தேழாவது வயதில் பகுதி நேரமாகச் சேர்ந்தேன். முதல் சில ஆண்டுகள் செய்தியை உறையில் போட்டுச் சேலம் பதிப்பு அலுவலகத்துக்குப் பேருந்து ஓட்டுநரிடம் கொடுத்தனுப்பினேன். பிறகு ஃபேக்ஸ், அதன் பிறகு கணினி. பயிற்சி என்று தனியாக எதுவும் இல்லை. யானை ராகிக் கொல்லையில் இறங்கியது, சித்தேரி மலைப் பாதையில் பேருந்து நின்றுபோனது, குடிநீருக்குச் சாலை மறியல் என்று எழுதி எழுதிப் பழகியதுதான். நீரில் மூழ்கியவர்கள் பற்றிய செய்தி முதல் வாரத்திலேயே கைவந்துவிட்டது. பெயர், அடைப்புக்குறிக்குள் வயது, தகப்பன் பெயர், ஊர், நேரம், இடம். பிறகு, "ஆழமான பகுதிக்குச் சென்ற அவர் நீச்சல் தெரியாததால் நீரில் மூழ்கினார்." கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம்.

மாவட்ட அலுவலகத்தின் தலைமை நிருபர் ஞானப்பிரகாசம். அரூர் பக்கத்துக் கிறிஸ்தவ விவசாயக் குடும்பம். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எழுதிய தாளை மேசைமேல் வைத்து, முதல் வரியின் அடியில் ஓர் இரும்பு ஸ்கேலை வைப்பார். அந்த வரியை மட்டும் படிப்பார். "இது யாரு சொன்னதுங்க?" என்பார். சொன்னவர் பெயரைத் தாளின் ஓரத்தில் பச்சை மையில் எழுதுவார். நானே பார்த்தது என்றால் "கண்டது" என்று எழுதுவார். பிறகு ஸ்கேல் ஒரு வரி கீழே இறங்கும். ஓரத்தில் பெயர் இல்லாத வரி சேலத்துக்குப் போகாது. பன்னிரண்டு வரிச் செய்திக்கு இருபது நிமிடம் ஆகும். கணினி வந்த பிறகும் அச்செடுத்துத்தான் கேட்பார். மற்றப் பத்திரிகைக்காரர்கள் எங்களை "ஸ்கேல் ஆபீஸ்" என்று சொல்லிச் சிரிப்பார்கள். அலுவலகம் பெருக்க வரும் அம்மா உட்பட எல்லோரிடமும் "ங்க" போட்டுத்தான் பேசுவார். கோபம் வந்தால் "ங்க" இன்னும் கூடும்.

நீரில் மூழ்கியவர் செய்திகளில் அந்தச் சொற்றொடர் வரும்போது ஓரத்தில் "போலீஸ்" என்று விழும். காவல் நிலைய அறிக்கையிலேயே அது இருக்கும். அவர்களுக்கும் அது பழக்கம்.

ஓய்வுபெற எனக்கு ஆறு ஆண்டுகள் இருந்தபோது நடந்தது இது. காணாமல் போனவர் யூசுஃப் (20). சேலத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் பி.ஃபார்ம் இரண்டாம் ஆண்டு படித்தவர். ஜோர்டான் நாட்டுப் பாஸ்போர்ட், பிறந்த ஊர் அம்மான். நண்பர்கள் மூவருடன் வந்து ஒரு பரிசலை எடுத்திருந்தார். பரிசல்காரர் பெயர் மாதையன். ஐம்பத்தொரு வயது. நான் போனபோது அவர் கரையில் குந்தியிருந்தார். இடது கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது.

ஆறு பரிசல்களில் தேடினார்கள். பாறைக்கு நேர் கீழே யாரும் தேடவில்லை. சுழல் எங்கே கொண்டுபோய் விடும் என்று அவர்களுக்குத் தெரியும். இருநூறு அடி தள்ளி, கொக்கி கட்டிய கயிற்றை இறக்கினார்கள். 9.25க்கு உடல் கிடைத்தது. நண்பர்களில் ஆத்தூர்க்காரரான அரவிந்த்தான் அடையாளம் காட்டினார்.

அன்று ஞானப்பிரகாசம் விடுப்பில் இருந்தார். கோயம்புத்தூரில் மகள் நிச்சயதார்த்தம். காவல் நிலைய அறிக்கை இன்னும் தயாராகவில்லை. பென்னாகரத்தில் ஒரு கணினி மையத்தில் உட்கார்ந்து பதினோரு வரி எழுதி, நேராகச் சேலத்துக்கு அனுப்பினேன். எட்டாவது வரியில் அந்தச் சொற்றொடர் இருந்தது. அதை எழுதியதாகவே எனக்கு நினைவில்லை. கை எழுதியது.

மூன்றாம் நாள் அம்மானிலிருந்து யூசுஃபின் தகப்பனார் தூதரகத்துக்கு ஒரு கடிதம் அனுப்பினார். எங்கள் செய்தியை யாரோ மொழிபெயர்த்து அவருக்கு அனுப்பியிருந்தார்கள். கடிதத்தின் பிரதி காவல் நிலையத்துக்கு வந்தது. ஆய்வாளர் எனக்குக் காட்டினார். தங்கள் குடும்பம் பாலஸ்தீனத்தின் யாஃபா துறைமுகத்தில் நான்கு தலைமுறையாகப் படகு ஓட்டியது என்று அதில் எழுதியிருந்தார். அப்படிப்பட்ட குடும்பத்துப் பையனுக்கு நீச்சல் தெரியாது என்று பத்திரிகை எழுதியிருப்பது பரிசல்காரரைக் காப்பாற்றச் சொன்ன பொய். சாவில் சந்தேகம் இருக்கிறது. தான் வந்து சேரும்வரை உடலை ஒப்படைக்கக் கூடாது.

சந்தேகம் இல்லை என்று உறவினர் எழுதிக் கொடுத்தால்தான் இப்படிப்பட்ட வழக்கு விபத்து என்று முடியும். சந்தேகம் என்று எழுத்தில் வந்துவிட்டால் பரிசல்காரர் மேல் கவனக்குறைவு வழக்கு பதிய வேண்டியிருக்கும். மாதையனின் பரிசலைக் கவிழ்த்து வைத்து முத்திரை போட்டார்கள். உரிமத்தை நிறுத்தி வைத்தார்கள். தினமும் காலை பத்து மணிக்கு நிலையத்துக்கு வந்து உட்காரச் சொன்னார்கள்.

நான்காம் நாள் ஞானப்பிரகாசம் வேலைக்கு வந்தார். அச்சான பேப்பரை மேசைமேல் விரித்து ஸ்கேலை வைத்திருந்தார். ஏழு வரிகள் தாண்டி ஸ்கேல் நின்றிருந்தது.

"இந்த எட்டாவது வரி யாரு சொன்னதுங்க?"

"சொல்லணுமாங்க சார்? மூழ்கிட்டாரில்லீங்களா."

"நீச்சல் தெரிஞ்சவங்க மூழ்கறதில்லீங்களா?"

போலீஸ் சொன்னார்களா, கூட வந்த பையன்கள் சொன்னார்களா, பரிசல்காரர் சொன்னாரா என்று வரிசையாகக் கேட்டார். மூன்றுக்கும் இல்லை என்றேன்.

"எப்பவும் எழுதறதுதானுங்களே சார்" என்றேன்.

"எப்பவும்னு ஒருத்தரு இருக்காருங்களா? அவரு பேர ஓரத்துல எழுதிக்கட்டுங்களா?"

பச்சைப் பேனாவை மூடி வைத்தார். தவறு என்று தெரிந்தால் அதே பக்கத்தில் திருத்தம் போடுவோம், சரி என்றால் சொன்னவர் பெயர் வேண்டும், இரண்டில் ஒன்று தெரியாமல் இந்தப் பேப்பரை மடிக்கப் போவதில்லை என்றார். அது மேசைமேல் விரித்தபடியே கிடந்தது. நான் எழுந்தபோது, யாஃபா என்பது சிறுவயதில் ஞாயிறு பைபிள் வகுப்பில் தான் கேட்ட யோப்பா பட்டணம்தான் என்றார். "கப்பலுங்க வந்து போற ஊருங்க அது. அந்தக் காலத்துலயே பெரிய ஊரு."

அரவிந்தைச் சேலத்தில் போய்ப் பார்த்தேன். யூசுஃப் நன்றாக நீந்துவான் என்றார். பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். "காலேஜ்ல பூல் எங்க சார் இருக்கு? அவனே சொல்லியிருக்கான்" என்றார். பரிசலில் போகும்போது மாதையனிடம் துடுப்பைக் கேட்டதும், மாதையன் தர மறுத்ததும் உண்மை. நடு ஆற்றில் திட்டுப் பாறையில் இறங்கிப் படம் எடுத்தார்கள். ஜாக்கெட்டை யூசுஃப்தான் கழற்றினான். மற்ற மூவரும் படம் எடுத்துக்கொண்டிருந்ததால் அதன் பிறகு நடந்ததைப் பார்க்கவில்லை. பார்த்தது மாதையன் மட்டும்.

மாதையன் நிலையத்தில் இருந்தார். அவருடைய மனைவி ஜெயா ஒகேனக்கல்லில் மீன் வறுத்து விற்கிறார். கடையில் கூட்டம் இல்லாத நேரம் பார்த்துப் போனேன். கல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"நாங்க யாரும் உங்கள எழுதச் சொல்லலீங்க. நீங்களா ஒண்ணு எழுதுனீங்க. எங்கூட்டுக்காரரக் காப்பாத்த எழுதுனீங்களா, கவுக்க எழுதுனீங்களா சார்?"

இரண்டுக்காகவும் இல்லை, சும்மா எழுதியது என்று அவரிடம் சொல்ல முடியவில்லை.

எட்டாம் நாள் தகப்பனார் வந்தார். பெங்களூரு விமான நிலையத்திலிருந்து வாடகைக் காரில் நேராக மருத்துவமனைப் பிணவறைக்குப் போனார். பதினைந்து நிமிடத்தில் வெளியே வந்தார். காவல் நிலையத்தில் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. அன்று பிற்பகல் பேருந்து நிலையத்துக்கு எதிரே அவர் தங்கியிருந்த விடுதி அறைக்குப் போய் அவரைச் சந்தித்தேன்.

ஐம்பது வயது இருக்கும். சாம்பல் நிறச் சட்டை, இஸ்திரி மடிப்பு கலையாதது. அம்மானில் மருந்துக் கடை வைத்திருப்பவர். நாங்கள் பேசியது ஆங்கிலத்தில். பெயர் கேட்டேன், அபூ யூசுஃப் என்றார். யூசுஃபின் தகப்பன் என்று பொருள். மூத்த மகன் பிறந்ததும் தகப்பனை மகன் பெயரால் கூப்பிடுவது அவர்கள் வழக்கம். தெருவிலும் கடையிலும் இருபது வருடமாக அவருக்கு அதுதான் பெயர்.

எட்டாவது வரியை எழுதியது நான்தான் என்றேன். யாரும் சொல்லாமல் பழக்கத்தில் எழுதியது என்பதையும் சொன்னேன்.

"அப்படியானால் அது பொய்" என்றார்.

பொய்யா இல்லையா என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளத்தான் வந்திருக்கிறேன் என்றேன். பொய் என்றால் அதே பக்கத்தில் திருத்தம் வரும். அவர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

யாஃபாவைப் பற்றி ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். துறைமுகத்தின் வாயிலில் வரிசையாகப் பாறைகள். நீராவிக் கப்பல்கள் உள்ளே வர முடியாது. வெளியே கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். பயணிகளையும், ஏற்றுமதியாகும் ஆரஞ்சுப் பெட்டிகளையும் துடுப்புப் படகுகள்தான் பாறைகளுக்கு இடையே கொண்டுபோய்க் கொண்டுவரும். அலை எழும் கணம் பார்த்து ஒரே வீச்சில் நுழைய வேண்டும். ஒரு துடுப்பு பிந்தினால் படகு பாறையில் மோதும். அவருடைய தாத்தா, தாத்தாவின் தகப்பன், அவருக்கும் முன்னால் இருவர், எல்லோரும் சுக்கான் பிடித்தவர்கள். துறைமுகத்துக்கு மேலே இரண்டாவது சந்தில் வீடு. கடல் கொந்தளிக்கும் நாளில் கப்பல் தலைவர்கள் அந்தச் சந்துக்குத்தான் ஆள் அனுப்புவார்கள்.

கைபேசியில் ஒரு பழைய புகைப்படத்தைக் காட்டினார். நீண்ட படகு. எட்டுப் பேர் துடுப்புடன் உட்கார்ந்திருக்கிறார்கள். பின்னால் நிற்பவர் தாத்தா. படத்தில் ஒருவர்கூடக் கேமராவைப் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் ஒரே பக்கம் இருந்தது. "பாறையைப் பார்க்கிறார்கள்" என்றார்.

நாற்பத்தெட்டில், இஸ்ரேல் உருவானபோது, போர் வந்ததும் குடும்பம் அந்தப் படகிலேயே ஏறி ஊரைவிட்டு வெளியேறியது. பல இடங்களில் இருந்துவிட்டுக் கடைசியில் அம்மானில் தங்கினார்கள். அம்மானில் கடல் இல்லை. ஆனால் பாறைகளின் வரிசை வீட்டில் இருந்தது. ஒவ்வொரு பாறைக்கும் ஒரு பெயர், ஒரு பாறைக்கும் அடுத்ததற்கும் இடையே எத்தனை துடுப்பு வீச்சு என்ற கணக்கு. குழந்தைகள் பேசத் தொடங்கியதும் அதைத்தான் சொல்லிக் கொடுப்பார்கள். கூடத்தில் தலையணைகளைப் பாறைகளாகப் போட்டு அவற்றுக்கிடையே நடக்கவிடுவார்கள். தலையணை காலில் பட்டால் படகு உடைந்தது, மறுபடி முதலிலிருந்து. நான்கு வயதில் யூசுஃப் கண்ணை மூடிக்கொண்டு நடந்தான். சொல்லும்போது அவர் விரல் மேசைமேல் வளைந்து வளைந்து போயிற்று.

அவர் முடிக்கும்வரை காத்திருந்து, உங்கள் மகன் நீந்தியதை யார் பார்த்திருக்கிறார்கள் என்று கேட்டேன்.

கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். "யாஃபா படகுக்காரன் வீட்டில் கேட்கிற கேள்வியா இது?" என்றார்.

அது பதில் இல்லை என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுதினேன். இன்று அப்படிச் செய்ய மாட்டேன்.

இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். மறுநாள் காலை எட்டரைக்கு ஆய்வாளர் ஏற்பாடு செய்தார். வேறொருவரின் பரிசல், ஓட்டியது மாதையன். நடந்ததைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான் என்பதால் அனுமதி. கூட ஒரு காவலர், நான், தகப்பனார். பரிசல்காரர் இவர்தான் என்று சொன்னேன். தகப்பனார் தலையசைத்தார், கை நீட்டவில்லை.

பரிசலில் நடுவில் கால் வைத்து ஏற வேண்டும். அவர் விளிம்பில் வைத்தார். பரிசல் ஒரு பக்கம் சாய்ந்து தண்ணீர் உள்ளே வந்தது. மாதையன் அவருடைய கையைப் பிடித்தார். "நடுவுல வைங்க சார், நடுவுல. குந்திக்குங்க." நான் மொழிபெயர்ப்பதற்குள் அவரைத் தோளில் அழுத்தி உட்கார வைத்துவிட்டார். லைஃப் ஜாக்கெட்டின் பட்டைகளைக் காவலர் மாட்டிவிட்டார்.

துறையிலிருந்து திட்டுப் பாறைக்குப் பத்து நிமிடம். மாதையன் சுற்றுலா வந்தவர்களுக்குச் சுற்றுவதுபோல் பரிசலைச் சுற்றவில்லை. நீரோட்டம் அதிகமில்லாத பக்கமாகவே ஓட்டினார். தகப்பனார் இரண்டு கைகளாலும் விளிம்பைப் பிடித்திருந்தார். பாதி வழியில், யாரும் எதுவும் கேட்காதபோது பேசினார்.

"என் தகப்பனார் ஏழு வயதில் கடைசியாகப் படகில் ஏறினார். அதன் பிறகு எங்கள் வீட்டில் யாரும் ஏறியதில்லை. நான் ஏறுவது இதுதான் முதல் முறை."

திட்டில் இறங்கினோம். காலணிகள் இருந்த இடத்தைக் காட்டினேன். அங்கிருந்து தெற்கே பாறைகள் ஒன்றன்பின் ஒன்றாக நீருக்கு மேல் தெரிந்தன. அவற்றுக்கு இடையே தண்ணீர் பச்சையாக ஓடியது. தகப்பனார் அவற்றைப் பார்த்தார். அவர் உதடு அசைந்தது. அரபியில், ஒரே தாளத்தில், ஏதோ சொன்னார். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரலை மடக்கினார்.

மாதையன் என் பக்கம் திரும்பினார். "இதேதாங்க சார். வாய்ப்பாடு மாதிரி. அந்தத் தம்பி சொன்னது இதேதான்."

அதை மொழிபெயர்த்தேன். தகப்பனார் விரலை மடக்கியபடி நின்றார். கடைசியில் என்ன நடந்தது என்று அவரிடம் கேளுங்கள் என்றார்.

ஆய்வாளரிடம் சொல்லாததை மாதையன் அங்கே சொன்னார். துடுப்புக் கிடைக்காததால் தம்பி சிரித்துக்கொண்டே இறங்கினார். தங்கள் குடும்பம் படகுக்காரக் குடும்பம், பாறைக்கு நடுவே போவது தங்களுக்குப் பழக்கம் என்று ஆத்தூர்ப் பையனிடம் சொல்லித் தன்னிடம் சொல்லச் சொன்னார். ஜாக்கெட்டைக் கழற்றி, பட்டையை மாட்டி, ஒழுங்காக வைத்தார். வேண்டாம் என்று தான் கூப்பிட்டது அவருக்குக் கேட்டிருக்கும்.

"வெரல் விட்டு எண்ணிக்கிட்டே போனாருங்க. மூணு பாறை தாண்டிட்டாரு. நாலாவதுக்குக் கால் எட்டலீங்க."

தகப்பனார் ஒன்றே ஒன்று கேட்டார். தண்ணீரில் விழுந்த பிறகு அவன் கையை எப்படி அசைத்தான்?

மாதையன் இடுப்புத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கையால் செய்து காட்டினார். முதலில் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்துத் தண்ணீரைத் தள்ளுவதுபோல் செய்தார். "தெரிஞ்சவங்க இப்படிப் போடுவாங்க." அடுத்து இரண்டு கைகளையும் தலைக்கு மேலே நேராகத் தூக்கினார். "தெரியாதவங்க இப்படித் தூக்குவாங்க. தம்பி மேலதாங்க தூக்குனாரு. நான் குதிச்சேன். முடி கையில பட்டுச்சு. புடி கெடைக்கல."

இதை ஏன் நிலையத்தில் சொல்லவில்லை என்று காவலர் கேட்டார். ஜாக்கெட் கொடுத்தாயா, பரிசல் சாய்ந்ததா என்றுதான் கேட்டார்கள், கேட்டதற்குச் சொன்னேன் என்றார். பிறகு இன்னொன்றும் சொன்னார். "பெத்தவரு அவ்ளோ பெருமையா எழுதியிருக்காருன்னு சொன்னாங்க. நான் எப்புடிங்க அதச் சொல்றது?"

எல்லாவற்றையும் மொழிபெயர்த்தேன். கைகளைத் தூக்கியதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

கரைக்கு வந்து ஜெயாவின் கடைப் பலகையில் தகப்பனார் உட்கார்ந்தார். ஜெயா ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அவர் குடிக்கவில்லை. பிறகு சொன்னார்.

"அவனுக்கு யாரும் நீச்சல் கற்றுத் தரவில்லை. எனக்கும் யாரும் கற்றுத் தரவில்லை. அது நம்மிடம் இருக்கிறது என்று என் தகப்பனார் சொன்னார். நான் அவனுக்கு அதைத்தான் சொன்னேன்."

திருத்தம் போடுவீர்களா என்று கேட்டார். வரி சரியாகத்தான் இருக்கிறது என்றேன். பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்பவருக்குச் சொல்வதுபோல் சொன்னேன். அதற்கு வேறு சொற்கள் இருந்திருக்க வேண்டும். இத்தனை வருடத்தில் அவை எனக்குக் கிடைக்கவில்லை.

அன்று மாலை அலுவலகத்தில் ஞானப்பிரகாசத்திடம் நடந்ததைச் சொன்னேன். பச்சைப் பேனாவைத் திறந்தார். எட்டாவது வரிக்கு நேரே ஓரத்தில் "தகப்பனார்" என்று எழுதினார். பேப்பரை மடித்தார். "சரிங்க" என்றார். அதன் பிறகு எனக்கு ஆறு ஆண்டுப் பணி இருந்தது. நீரில் மூழ்கிய ஒவ்வொருவர் வீட்டிலும் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன். சிலர் தெரியாது என்றார்கள். சிலர் நன்றாகத் தெரியும் என்றார்கள். ஒரு வீட்டில் என்னை வெளியே பிடித்துத் தள்ளினார்கள்.

பத்தாம் நாள் காலை பதினொரு மணிக்கு நிலையத்தில் வாக்குமூலம். எழுத்தர் தகப்பனாரின் பெயர் கேட்டார். அபூ யூசுஃப் என்றார். எழுத்தர் எழுதத் தொடங்கியதும், ஆய்வாளர் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். தகப்பனார் பாஸ்போர்ட்டில் இருந்த பெயரைச் சொன்னார்: இப்ராஹிம். மற்றதை அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். மகன் தானாகவே ஜாக்கெட்டைக் கழற்றினான். பரிசல்காரர் தடுத்தார், காப்பாற்றவும் குதித்தார். மகனுக்கு நீச்சல் தெரியாது. சாவில் தனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. மாதையன் வெளியே மரத்தடியில் நின்றிருந்தார்.

எழுத்தர் படித்துக் காட்டினார். நான் ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னேன். கையெழுத்துப் போடும் முன் இன்னும் இரண்டு வரி சேர்க்க வேண்டும் என்றார் தகப்பனார்.

"எங்கள் குடும்பம் யாஃபா துறைமுகத்தில் நான்கு தலைமுறை படகு ஓட்டிய குடும்பம். எங்கள் படகில் ஏறிய யாரும் தண்ணீரில் இறந்ததில்லை."

"இது கேசுக்கு வேண்டியதில்லீங்களே சார்" என்றார் எழுத்தர்.

"அவரு சொல்றத எழுதுய்யா" என்றார் ஆய்வாளர்.

வாக்குமூலம் ஒன்றரைப் பக்கம் வந்தது. இரண்டு பக்கத்தின் அடியிலும் அவர் அரபியில் கையெழுத்திட்டார். மொழிபெயர்த்தவர் என்ற இடத்தில் நான் கையெழுத்திட்டேன். மாதையனின் உரிமம் அடுத்த வாரம் திரும்பக் கிடைத்தது.

உடல் அன்று பிற்பகல் 3.10க்கு ஆம்புலன்ஸில் பெங்களூரு விமான நிலையத்துக்குப் புறப்பட்டது. யாஃபாவில் அடக்கம் செய்ய முடியாது என்பதால் அம்மானில் அடக்கம் செய்தார்கள். அம்மானிலிருந்து யாஃபாவுக்கு நேர்க்கோட்டில் உள்ள தூரம், தர்மபுரியிலிருந்து பெங்களூருக்குச் சாலையில் உள்ள தூரத்தைவிடக் குறைவு.